முட்டம் செலின் அக்காவின் பி12

ஊர் சுற்றுவது எனக்குப் பிடிக்கும். எனக்கு லீவு கொடுப்பது எங்கள் மேனேஜருக்குப் பிடிக்காது. அதனால் ஆபீஸ் வேலையாகவே நாலு நாள் குமரி மாவட்டம் போகச் சொன்னதும், அவர் மனசு மாறுவதற்குள் பையைக் கட்டிவிட்டேன். நவம்பர் முதல் வாரம், வெள்ளி காலை கிளம்பித் திங்கள் சாயங்காலம் திரும்பியாக வேண்டும். பையில் ரெண்டு சுடிதார், குடை, ஊசி, குழாய், பஞ்சு, அலுமினியத் தாள். கூடவே ஒரு பெரிய ஐஸ் பெட்டி.

விஷயம் இதுதான். நான் திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனை, பல வருடமாகச் சர்க்கரைக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் வைட்டமின் எந்த அளவில் இருக்கிறது என்று முகாம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரத்தத்தை அளப்பது நாங்கள். அக்டோபர் முகாமில் ரெண்டு பேருடைய ரிசல்ட் நம்பும்படியாக இல்லை. அவர்களிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அப்படியே பேச்சிப்பாறைப் பக்கம் சனி, ஞாயிறு புது முகாமையும் முடித்துவிட்டு வர வேண்டும். இதில் என்ன பயணக் கட்டுரை இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தோம். ஓட்டியவர் தாசன் அண்ணன், குலசேகரத்துக்காரர். பத்து வருடமாகத் திருநெல்வேலியில் இருந்தாலும் அவர் பேச்சு இன்னும் திருநெல்வேலிக்கு வந்து சேரவில்லை. நாற்கர சாலையில் காவல்கிணறு வரை ஒரே ஓட்டம், அங்கிருந்து இடதுபக்கம் பிரிந்தால் காற்றாலைகளுக்கு நடுவே அஞ்சுகிராமம். மொத்தம் எழுபத்தெட்டு கிலோமீட்டர், ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். காலை வெயிலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமானால் இந்த நேரம்தான் சரி. ஒன்பது மணிக்கு மேல் கண் கூசும்.

அஞ்சுகிராமத்தில் முதல் ஆள் தங்கசாமி ஐயா, தென்னந்தோப்புக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம், வாயில் ஓயாத பேச்சு. போன மாதம் இவருக்கு வைட்டமின் ஏ, டி ரெண்டுமே தரைமட்டத்தில் இருந்தன. விசாரித்தால் அன்றைக்கு அவருக்குக் காலில் புண் பழுத்துக் காய்ச்சல் வேறு இருந்திருக்கிறது. உடம்பு அப்படிக் கொதிக்கும்போது சில வைட்டமின்கள் ரத்தத்தில் இறங்கிவிடும், அதை வைத்துக் குறைபாடு என்று எழுதிவிட முடியாது. இப்போது புண் ஆறியிருந்தது. ரத்தம் எடுத்து, வெளிச்சம் படாமல் குழாயை அலுமினியத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அப்படியானால் போன மாதம் எழுதினது பொய்யா என்று ஐயா கேட்டார். நம்பர் உண்மை, நாங்கள் போன நாள்தான் சரியில்லை என்றேன். அந்தப் பதில் பிடித்துப்போய் ஆளுக்கு ரெண்டு இளநீர் வெட்டினார். வேலை நேரத்தில் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் சட்டம். அதனால் தாசன் அண்ணன் நாலையும் குடித்தார்.

நாகர்கோவிலில் இட்லி, ரசவடை, காபி. ரெண்டு பேருக்கும் சேர்த்து நூற்று எழுபது ரூபாய். இங்கே ரசவடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து முட்டம் பதினாறு கிலோமீட்டர், ரோடு பல இடங்களில் குறுகல், பத்து மணிக்குக் கடல் தெரிந்தது. முட்டத்துப் பாறைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஈரப் பாறையில் போட்டோவுக்காக ஏறாதீர்கள். கலங்கரை விளக்கத்தைக் கீழிருந்து பார்த்தாலே மனசு நிறைந்துவிடும்.

ரெண்டாவது ஆள் செலின் அக்கா. அறுபதுக்கு ஒன்று குறைவு. கரையில் ஏலத்தில் மீன் எடுத்துத் திங்கள்நகர் சந்தைக்கு அனுப்பும் வியாபாரி. பதினாலு வருடமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. ஒரு வருடமாகப் பாதம் ரெண்டும் மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை, கண்ணை மூடி முகம் கழுவினால் உடம்பு சாய்கிறது, ரெண்டு தடவை விழுந்தும்விட்டார். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும், பி12 குறைந்தால் இதே மாதிரி மரத்துப்போகும். அதைத்தான் மருத்துவமனை டாக்டரும் சந்தேகப்பட்டார். ஆனால் அக்டோபர் முகாமில் இவருக்கு வந்த பி12 எங்கள் மெஷின் அளக்கக்கூடிய உச்சத்தையும் தாண்டியிருந்தது. வைட்டமின் டியும் அப்படியே.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கடற்கரைக்காரி, மூன்று வேளையும் மீன், நாள் முழுக்க வெயில், சத்து கூடத்தானே செய்யும்? பி12 இவ்வளவு இருக்கும்போது மரத்துப்போவதற்குக் காரணம் சர்க்கரைதான், போன நரம்பு போனதுதான், இனி வீட்டில் பத்திரமாக இருங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகன் அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா ஏலத்துக்குப் போகவே கூடாது, வியாபாரத்தை யாரிடமாவது விட்டுவிட வேண்டும் என்று போனிலேயே முடிவு கட்டிவிட்டான்.

எங்கள் மேனேஜருக்கு மட்டும் அந்த நம்பர் உறுத்தியது. பி12 ஊசி போட்டிருப்பார், சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்தார். அக்கா வீட்டில் உட்கார்ந்து நான் முதலில் கேட்டதும் அதைத்தான். ஊசி இல்லை. வேறு டாக்டர் இல்லை. நாட்டு மருந்து இல்லை. மருந்து டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள மாத்திரைகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பால் சேர்க்காத கட்டன் சாயா வந்தது (இந்த வீட்டில் சட்டமெல்லாம் பேச முடியவில்லை, குடித்துவிட்டேன்). ரத்தமும் எடுத்தாயிற்று. சரி, நம்பர் நம்பர்தான், கிளம்பலாம் என்று எழுந்தேன்.

அப்போது அக்கா கொண்டையை அவிழ்த்துத் திருப்பி முடிந்தார். இந்த வயதில் அவ்வளவு முடி! எனக்கு நாற்பத்திரண்டு வயது, சீப்பைப் பார்த்தாலே பயம். பொறாமை தாங்காமல் என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தேங்காண்ணெய்தான் மக்கா. பின்ன இதும் உண்டு” என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் போனார். பால்மாவு டின், சோப்பு, தலைவலித் தைலம் எல்லாம் அடுக்கியிருந்த தட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

முடிக்கான மாத்திரை. பின்பக்கம் திருப்பிப் படித்தேன். பயோட்டின் என்கிற வைட்டமின், ஒரு மாத்திரைக்குப் பத்தாயிரம் மைக்ரோகிராம். அக்கா தினமும் காலையில் சாயாவோடு ரெண்டு போடுகிறார், இன்றைக்கும் போட்டிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாட்டிலை இன்னொரு தடவை திருப்பிப் படித்தேன். படிக்கும்போது ஒரு பாராவாக மட்டும் பார்த்த சங்கதி முட்டத்தில் பால்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது!

ஏன் என்று சொல்கிறேன். எங்களுடையது போன்ற பல மெஷின்கள் பயோட்டினையே கொக்கியாக வைத்துத்தான் அளக்கின்றன. பஸ்ஸில் சீட் எண்ணுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் தன் ஆட்களை ஏற்றிவிட்டு, எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எண்ணுகிறது. அவர்களுக்கு இடம் கிடைக்காவிட்டால், ரத்தத்தில் இருந்த வைட்டமின் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டது, அப்படியானால் வைட்டமின் ஏராளம் என்று எழுதிவிடும். அக்கா விழுங்கிய பயோட்டின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எல்லாச் சீட்டையும் பிடித்திருக்கிறது. மெஷின் அதைக் கண்டுபிடிக்காது. பி12க்கும் அதே கதை, டிக்கும் அதே கதை.

முதல் முகாமிலேயே கேட்டோமே, இதை ஏன் சொல்லவில்லை என்றேன். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“நீங்க மருந்து என்னதெல்லாம் திங்கியன்னுல்லா கேட்டிய. இது மருந்தா? மவன் கொண்டு வந்த சாதனமில்லியா?”

சாதனம் என்றால் இங்கே சாமான். இந்தப் பக்கத்தில் கல்ஃபிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டி பிரிப்பது ஒரு சடங்கு. சோப்பு, பால்மாவு, தைலம், போர்வை, அதோடு முடிக்கு, முட்டுக்கு, கண்ணுக்கு என்று பாட்டில் பாட்டிலாகச் சத்து மாத்திரைகள். சொந்தக்காரர்களுக்கு மிட்டாய் பங்கு வைப்பது போலப் பங்கு வைப்பார்கள். டாக்டர் எழுதி, கடையில் வாங்கி, டப்பாவில் கிடப்பதுதான் மருந்து. மகன் மஸ்கட்டிலிருந்து சுமந்துவந்தது பாசம். அதைப் போய் மருந்து என்று யார் சொல்வார்கள்?

வாசலில் நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். எத்தனை மைக்ரோகிராம் என்று ரெண்டு தடவை கேட்டார். பிறகு, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மூன்று நாளில் வெளியேறிவிடும், திங்கள்கிழமை திரும்ப எடுங்கள் என்றார். உள்ளே வந்து விவரம் சொன்னேன். பி12 உண்மையில் குறைந்திருக்கலாம், அப்படியானால் ஊசி போட்டுச் சரிசெய்யப் பார்க்கலாம், ஆனால் இப்போதே சத்தியம் செய்ய முடியாது என்றேன். அக்கா தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலத்துல நிக்கணும் மக்கா. நின்னாத்தான் மீனு. இருந்துட்டு கேட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

மருமகள் ஷைனியிடம் பாட்டிலை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். தாசன் அண்ணனிடம் வழியெல்லாம் இதையேதான் பேசினேன், பாவம் மனுஷன். திங்கள்நகர், தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். கடல் பார்த்த கண்ணுக்கு ஒன்றரை மணி நேரத்தில் ரப்பர் காடு. குலசேகரத்தில் அறை ஆயிரத்து இருநூறு, சுத்தம், வெந்நீர் உண்டு. அணைக்குப் போகிறவர்கள் மழைக்குத் தயாராகப் போங்கள். நாங்கள் போன ரெண்டு நாளும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஊற்றியது. மழைக்கு முன்னால் மலை தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும் அழகு இருக்கிறதே, அதை என் போனில் எடுத்து வீணாக்க வேண்டாம் என்று சும்மா நின்று பார்த்தேன்.

முகாமில் ஒரு மாற்றம் செய்தேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியையே தூக்கிவிட்டு, வீட்டில் வாயில் போட்டு விழுங்குவது எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று முதல் நாளே மைக்கில் சொல்லச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து குவிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! தோகா, துபாய், குவைத் எல்லாம் மேஜை மேல் வந்துவிட்டன. ரப்பர் வெட்டும் ஒரு அண்ணன் நாய்க்கு வாங்கின சத்து மாத்திரையையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைத் தானும் தின்றாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடி மாத்திரை சாப்பிடுகிறவர்களை மூன்று நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லித் தனியாகக் குறித்துக்கொண்டோம்.

மத்தியானம் தாசன் அண்ணன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஷைனியிடமிருந்து போன். பக்கத்து வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறார், மகன் அவரிடம் அதே மாத்திரை இன்னும் ரெண்டு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறான். பாட்டில் இப்போது எங்கே என்று கேட்டேன்.

“பூட்டிட்டேன் அக்கா. சாவி என் கழுத்துலதான் கெடக்கு” என்றாள் ஷைனி. அதோடு இன்னொன்றும் சொன்னாள். மாமி நாளைக்குத் தன் வாடிக்கைகளை வேறொரு வியாபாரிக்கு விட்டுக்கொடுக்கப் போகிறார், மகன் அதற்கு நாளும் குறித்துவிட்டான். நான் போய் ரத்தம் எடுப்பதற்குள் எல்லாம் கை மாறிவிடும். என் முகத்தில் பயத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க பேடிக்காண்டாம், விடியக்காலமே வண்டி எடுக்கலாம்” என்றார் தாசன் அண்ணன்.

திங்கள்கிழமை எட்டரைக்கு முட்டம். வீட்டில் அக்கா இல்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். போகிற வழியில் மூன்று பேர் என்ன மீன், என்ன விலை என்று பெட்டியைத் திறக்கப் பார்த்தார்கள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. அயிலைக் குவியலைச் சுற்றி ஒரே இரைச்சல், யார் என்ன விலை கேட்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் செலின் அக்கா பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணிடம்தான் வியாபாரத்தை ஒப்படைக்கப் போகிறார் என்று பிறகு தெரிந்தது.

மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து அக்காவை உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு மாத்திரையாவது போட்டீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மாதாவின் மேல் ஆணையிட்டார். குழாயை நான் தாளில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பினார்.

“ரெண்டு நாளு பொறு, கேட்டியா. இது என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத் தாறேன்.”

அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். மஸ்கட்டில் போட்ட முடிவு முட்டம் கரையில் ரெண்டு நாள் தள்ளிப்போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஒரு மணிக்குத் திருநெல்வேலி. சாப்பிடாமல் நேராக மெஷினுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ரத்தம், திங்கள்கிழமை ரத்தம், ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெள்ளி ரத்தம் போன மாதம் மாதிரியே உச்சத்தைத் தாண்டியது. திங்கள் ரத்தத்தில் பி12 இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ஒரே ஆள், ஒரே கை, நடுவில் மூன்று நாள். நான் போட்ட சத்தத்தில் மேனேஜரே ஓடிவந்தார். பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கு அனுப்பினோம், புதன்கிழமை முதல் ஊசி. மரத்துப்போனதில் சர்க்கரையின் பங்கும் இருக்கலாம், அந்தப் பங்கு திரும்பாது, பி12இன் பங்கு வரை திரும்பலாம், அதற்கும் மாதக்கணக்கு ஆகும் என்று டாக்டர் அக்காவிடம் மறைக்காமல் சொன்னார். அக்கா மகனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வியாபாரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

இனி போகப்போகிறவர்களுக்கு. கிழக்கே அஞ்சுகிராமத்தில் தொடங்கி மேற்கே பேச்சிப்பாறையில் முடித்தால் காற்று, கடல், காடு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், ஆனால் ஒரு ராத்திரி தங்கினால்தான் ருசி. நவம்பரில் குடை கட்டாயம். முட்டத்தில் மீன் வாங்க ஆசைப்பட்டால் காலை எட்டு மணிக்குக் கரையில் இருங்கள், ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள், அதற்குள் மீனைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். வீட்டில் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு என்று நெடுநாளாக மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இன்னொன்று. வைட்டமின் பார்க்கப் போகும்போது, முடிக்கு, தோலுக்கு, நகத்துக்கு என்று விழுங்குவதையெல்லாம் பாட்டிலோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலோ புண்ணோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம்பரைப் பார்த்து முடிவெடுக்கும் முன்னால் ஆளை ஒரு தடவை பாருங்கள் என்று டாக்டர்களுக்கு நான் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையை நவம்பரிலேயே எழுதிவிட்டேன். எப்படி முடிப்பதென்று தெரியாமல் வைத்திருந்தேன். இந்த பிப்ரவரியில் ஒரு மத்தியானம், மெஷினுக்கு முன்னால் இருக்கும்போது போன் அடித்தது. செலின் அக்கா. பின்னால் மத்தியான ஏலத்தின் இரைச்சல், அலைச் சத்தம்.

“மக்கா, மணலு சுடுது.”

எனக்குப் புரியவில்லை. என்ன அக்கா என்றேன்.

“காலு பொள்ளுது மக்கா. மணலு சுடுது, எனக்குத் தெரியுது.”

செருப்பு எங்கே, சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு வெயிலில் நிற்கலாமா, புண் வந்தால் என்ன ஆகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கன்னாபின்னாவென்று திட்டினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஏலம் முடியட்டும், போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.